விரலுக்குத் தகுந்த வீக்கம்; தகட்டுக்குத் தகுந்த லேபிள்!



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை, ஹாஸ்டல் சாம்பார் ஜோக், தலைவர் உரை, செயலாளர் உரை என்று பக்கங்கள் நிரம்பிவிடும். அவற்றுக்கு நடுவே இந்த இரண்டு மூன்று பக்கங்களை ஒரு சாதாரணப் பொருளுக்காக ஒதுக்கித் தாருங்கள். பைனல் இயர் பிராஜக்ட் ரிப்போர்ட்டின் கடைசி அட்டையில் ஓர் உறைக்குள் சொருகி வைக்கிறோமே, அந்தத் தகடு! அதன் முகத்தில் எதை அச்சிடுவது, எப்படி அச்சிடுவது, குறைந்த செலவில் எப்படி முடிப்பது என்பதுதான் கட்டுரை.

"பென் டிரைவ் காலத்துல டிவிடிக்கு லேபிளா? வேற வேலை இல்லையாடா உனக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். புது லேப்டாப்பில் டிரைவே இல்லை. சோனி கம்பெனி பதிவு செய்யும் ப்ளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. தகட்டின் காலம் சாயங்காலத்துக்கு வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம்தான் விளக்கேற்ற வேண்டிய நேரம்! ஏன் என்று பார்ப்போம்.

யாருக்கு இன்னும் தகடு வேண்டும்?

நம்ம பாகலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று இருபது வருடமாக எடுத்த வீடியோ எல்லாம் பீரோவில் தகடாகத்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடந்தால், அதைப் படம் பிடித்து ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு தகடு கொடுத்த வழக்கம் உண்டு. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர்த்திருவிழாவும் அப்படித்தான் பல வீடுகளுக்குள் போனது. மெஷின் வாங்கினால் டிராயிங்கும் மேனுவலும் தகட்டில் வந்தன. ரிப்போர்ட்டோடு தகடும் கேட்கும் துறைகள் இன்னும் உண்டு.

இவை எல்லாம் லட்சக்கணக்கில் போடுகிற சரக்கு இல்லை. 10, 40, 150, மிஞ்சினால் 300. இதைத்தான் நான் சிறு எண்ணிக்கை என்கிறேன். பெரிய எண்ணிக்கைக்கு வழி சுலபம். 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி சினிமா டிவிடியை 34 ரூபாய்க்கும் விசிடியை 28 ரூபாய்க்கும் கடையில் வைத்தபோது நாடே மூக்கில் விரல் வைத்தது. தமிழ்ப் படங்களும் அந்த விலைக்கு வந்தன. லட்சக்கணக்கில் அடித்தால் பிளேட் செலவும் மெஷின் செட்டிங் செலவும் ஒரு தகட்டுக்குப் பைசாக் கணக்கில் வந்து நிற்கும். அந்தக் கம்பெனியே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது என்பது வேறு கதை. 40 தகடு வேண்டியவன் அந்த வழியில் போக முடியாது என்பதுதான் நமக்கு முக்கியம்.

அப்படியானால் 40 தகடு வேண்டியவன் என்ன செய்கிறான்? ஸ்டேஷனரி கடையில் வட்ட ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுகிறான். இல்லையென்றால் ஒன்றுமே எழுதாமல் விட்டுவிடுகிறான். இரண்டுமே தப்பு என்பது என் வாதம்.

ஒட்டாதே! ஏன்?

பேப்பர் ஸ்டிக்கர் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மெக்கானிக்கல் படிக்கிற நாமே அதை ஒட்டலாமா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

கம்ப்யூட்டர் டிரைவில் 16 மடங்கு வேகத்தில் டிவிடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று வரை சுழலும். ஸ்டிக்கர் சற்று விலகியதாலோ ஓரம் மடிந்ததாலோ ஒரு பக்கம் 0.1 கிராம் எடை கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மையத்திலிருந்து 40 மி.மீ. தூரத்தில் இருக்கட்டும். நிறை, ஆரம், கோண வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 4.4 நியூட்டன் வரும். அதாவது கிட்டத்தட்ட அரைக் கிலோ இழுப்பு! தகட்டின் மொத்த எடையே சுமார் 16 கிராம்தான். அதே தகட்டை வீட்டு பிளேயரில் 1,500 சுற்றில் ஓட்டினால் இழுப்பு 0.1 நியூட்டன் அளவுதான். "டிவியில நல்லா ஓடுச்சு, லேப்ல போட்டா கடகடன்னு உதறுதே, ஏன் சார்?" என்று கேட்கிறோமே, விடை இந்த வர்க்கத்தில் இருக்கிறது.

அடுத்தது வளைவு. பேப்பர் ஈரம் இழுக்கும், வெயிலில் சுருங்கும். பிளாஸ்டிக் அப்படிச் சுருங்காது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் தகடு மெல்ல வளையும். சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74 மைக்ரான்தான். அத்தனை நெருக்கத்தில் லேசர் படிக்கும்போது சிறு சாய்வும் தொல்லை. கார் பிளேயரில் சொருகும்போது ஸ்டிக்கர் உரிந்து உள்ளே மாட்டிக்கொண்டால் பிளேயரையே கழற்ற வேண்டியதுதான்.

ஸ்டிக்கரை உரித்து எடுத்துவிடலாமே என்று நினைக்காதீர்கள். அது இன்னும் மோசம். டிவிடி என்பது 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிய சாண்ட்விச். தகவல் நடுவில் இருக்கிறது. சிடியில் அப்படி இல்லை. தகவல் அடுக்கு லேபிள் பக்கத்திலேயே மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்தால் வெள்ளிப் படலமும் கூடவே வந்துவிடலாம். பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலும் அதே கதிதான். அமெரிக்கத் தேசிய தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகம் 2003-இல் வெளியிட்ட தகடு பராமரிப்பு வழிகாட்டி, நீண்ட நாள் வைக்க வேண்டிய தகட்டில் ஒட்டும் லேபிள் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஏற்கெனவே ஒட்டிய தகடு வீட்டில் இருந்தால் தொடாதீர்கள். முதலில் உள்ளே இருப்பதை நகல் எடுத்துவிடுங்கள்.

எண்ணிக்கை என்ன? அதை முதல்ல சொல்லு!

கடைக்காரர் முதலில் டிசைனைக் கேட்பார். நாம் முதலில் கேட்க வேண்டியது எண்ணிக்கையை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பத்து தகடு வரை: மார்க்கர் போதும். நீர் அல்லது ஆல்கஹால் அடிப்படையிலான மையுள்ள, மெத்தென்ற முனை மார்க்கராக இருக்க வேண்டும். நடுவில் உள்ள தெளிவான வளையத்தில் எழுதினால் இன்னும் பத்திரம்; அங்கே தகவல் கிடையாது. காலேஜ் பெயர், துறை, ஆண்டு எல்லாத் தகட்டிலும் ஒன்றுதானே? வெள்ளை மேற்பரப்புள்ள பிரிண்டபிள் டிவிடியில் ரப்பர் ஸ்டாம்பை மெதுவாக வைத்து எடுத்து, ஓர் இரவு காயவிட்டு, தலைப்பை மட்டும் கையால் எழுதலாம். எல்லாவற்றிலும் மலிவு இதுதான். கையெழுத்து நன்றாக உள்ள தோழிகள் எந்த வகுப்பில்தான் இல்லை!

பத்திலிருந்து நூறு வரை: இங்க்ஜெட். தகடு வைக்கும் டிரே உள்ள பிரிண்டர்கள் இருக்கின்றன. எப்சன் எல்805, அதற்குப் பின் வந்த எல்8050 ஆகியவற்றை ஐடி கார்டு அடிக்கிற கடைகளில் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் கார்டு அடிக்கிற அதே மெஷின்தான் டிவிடியும் அடிக்கும். "அண்ணே, டிவிடி டிரே இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். டிரே டிராயரில் தூங்கிக்கொண்டிருக்கும். வாங்கும்போதே பிரிண்டபிள் தகடாக வாங்க வேண்டும். பளபளப்புத் தகட்டில் இங்க்ஜெட் மை நிற்காது, வழிந்துவிடும். தகட்டின் விட்டம் 120 மி.மீ. சாதாரண பிரிண்டபிள் வகையில் நடுவே சுமார் 46 மி.மீ. விட்டம் வரை அச்சு ஏறாது. டிசைன் போடும்போதே அந்த வட்டத்துக்குள் எழுத்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர விரல் பட்டால் மை கலையும். அடித்ததும் அடுக்காமல் விரித்து உலர்த்துங்கள்.

நூறைத் தாண்டினால்: ஸ்கிரீன் பிரிண்டிங். கல்யாணப் பத்திரிகைக்கும் துணிப்பைக்கும் அடிக்கிறார்களே, அதேதான். ஒரு பிரேம், மெஷ் துணி, எமல்ஷன், ஸ்க்யூஜி போதும். பிலிமை வைத்து எக்ஸ்போஸ் செய்து கழுவினால் ஸ்கிரீன் ரெடி. ஆனால் ஒரு எச்சரிக்கை: தகடு பாலிகார்பனேட். கடுமையான தின்னர் பட்டால் நுண்ணிய விரிசல் விடும். பாலிகார்பனேட்டுக்கு ஒத்துப்போகும் மையா என்று கேட்டு வாங்கி, ஒரு வீணான தகட்டில் அடித்து, காயவைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றில் கை வையுங்கள்.

தகட்டை லேசராலேயே எரித்து லேபிள் வரைகிற லைட்ஸ்க்ரைப் முறையை எச்.பி. கம்பெனி 2004-இல் அறிவித்தது. தகட்டைத் திருப்பிப் போட்டால் போதும், மையே தேவையில்லை! அருமையான யோசனை. ஆனால் தனித் தகடு வேண்டும், தனி டிரைவ் வேண்டும், ஒரே நிறம், ஒவ்வொன்றுக்கும் பல நிமிடம். அந்தத் தகடும் டிரைவும் இப்போது உற்பத்தியில் இல்லை. பழைய ஸ்டாக் கிடைக்கும் என்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டைச் சுற்றி பஸ் காசை வீணாக்க வேண்டாம்.

நூறு என்ற கோட்டை எங்கிருந்து பிடித்தேன்? கணக்குதான். புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் கடை விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இங்க்ஜெட்டில் தகட்டுக்கு 8 ரூபாய், ஆரம்பச் செலவு இல்லை. ஸ்கிரீனில் ஆரம்பச் செலவு 700 ரூபாய், அப்புறம் தகட்டுக்கு 2 ரூபாய். வித்தியாசம் 6 ரூபாய். 700-ஐ 6-ஆல் வகுத்தால் 117. அதற்குக் கீழே இங்க்ஜெட் லாபம், மேலே ஸ்கிரீன் லாபம். இரண்டு கலர் வேண்டும் என்றால்? ஸ்கிரீன் இரண்டு. 1,400-ஐ 4-ஆல் வகுத்தால் 350! ஒரு கலர் கூட்டியதும் கோடு மூன்று மடங்கு தள்ளிப் போய்விட்டது பார்த்தீர்களா? இந்தச் சமன்பாட்டை இன்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட் பாடத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறோம். கடைக்குப் போனால் மறந்துவிடுகிறோம்.

கலரை உறையில் வை

கலர் வேண்டவே வேண்டாமா? வேண்டும். மாப்பிள்ளை பொண்ணு படம் இல்லாத கல்யாண டிவிடியை யார் வாங்குவார்கள்? ஆனால் கலரை உறைக்குள் வைக்கும் அட்டையில் அடியுங்கள். அது வெறும் காகிதம். கலர் ஜெராக்ஸ் போதும். சுழலாத காகிதத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. தகட்டின் முகத்தில் ஒரே நிறத்தில் தேவையான எழுத்து மட்டும். உறையும் தகடும் பிரிந்து போகும் என்பதால்தான் முக்கியச் செய்தி தகட்டிலேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

என்ன செய்தி? ஐந்து சொல்கிறேன். ஒன்று, உள்ளே என்ன. இரண்டு, யாருடையது, யார் எடுத்தது. மூன்று, தேதி. நான்கு, எத்தனையில் எத்தனையாவது தகடு. ஐந்து, எதில் திறக்கும்: பிளேயரிலா, கம்ப்யூட்டரிலா, கேட் டிராயிங் என்றால் எந்த வெர்ஷன். கர்நாடக எல்லையில் இருக்கிறோம். நம்ம கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே நேரத்தில் காதில் விழும். வாங்குகிற வீட்டில் எந்த எழுத்து படிப்பார்களோ அந்த எழுத்தில் பெயர் போடுங்கள். பாட்டி எடுத்துப் பார்த்து, "இது நம்ம பெரியவன் கல்யாணம்" என்று சொல்லணும். அதுதான் லேபிள்!

லேபிளுக்குச் சட்டமும் உண்டு. விற்பனைக்கோ பொது வெளியீட்டுக்கோ வீடியோ போட்டால் தயாரித்தவர் பெயர், முகவரி, காப்புரிமை உள்ளவர் பெயர், முகவரி இவற்றை உறையில் காட்ட வேண்டும் என்பது 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு. அடுத்தவன் சினிமாவைக் காப்பி போட்டு அழகாக லேபிள் அடித்துத் தருகிறேன் என்று யாராவது கிளம்பினால், தமிழ்நாட்டில் 2004-இல் குண்டர் சட்டத்துக்குள் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொழில் வேறு, கைவரிசை வேறு!

இதில் நமக்கு என்ன?

"சரிப்பா, நல்லா சொன்ன. ஆனா இன்னும் அஞ்சு வருஷத்துல டிவிடியே இருக்காதே. கத்துக்கிட்டு என்ன பண்றது?" என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன்.

நீங்கள் கற்பது டிவிடியை அல்ல. காகிதம் அல்லாத வழுவழுப்பான பரப்பில், சின்ன எண்ணிக்கையில், சரியான இடத்தில், அழியாத எழுத்தை அச்சிடுவது எப்படி என்பதை. ஓசூர் சிப்காட்டுக்குள் கண்ணைத் திறந்து நடந்து பாருங்கள். கன்ட்ரோல் பேனலில் எழுத்து, மீட்டரில் எண், மெஷினில் நேம் பிளேட், வண்டியில் எச்சரிக்கைக் குறி. எல்லாம் இதே வித்தைதான். ஓசூருக்குப் பெயர் வாங்கித் தந்தவற்றில் கைக்கடிகாரமும் ஒன்று. கடிகார டயலில் அத்தனை நுணுக்கமாக எண்ணும் பெயரும் எப்படி ஏறுகின்றன? சிலிக்கோன் மெத்தையில் மையை எடுத்து ஒற்றும் பேட் பிரிண்டிங் முறை அது. ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம்ம பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜா பெட்டிகளுக்கும் ரகம் ரகமாகச் சின்ன எண்ணிக்கையில் லேபிள் தேவைப்படும்.

அதிலும் நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. ஸ்கிரீனுக்குக் கீழே எல்லாத் தகடும் ஒரே இடத்தில் உட்கார ஒரு ஜிக் வேண்டும். தகட்டின் நடுத்துளை 15 மி.மீ., கனம் 1.2 மி.மீ. அக்ரிலிக் பலகையில் வட்டக் குழி எடுத்து, நடுவில் நைலானில் கடைந்த முளை வைத்தால் போயிற்று. முளையின் தலை தகட்டின் முகத்துக்கு மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் மெஷ் கிழியும். லேசர் படிக்கிற பக்கம் கீறாமல் இருக்கக் குழியின் அடியில் மெல்லிய வெல்வெட் துணி ஒட்டி, அதன் கனத்தையும் ஆழக் கணக்கில் சேர்க்கணும். பிட், டாலரன்ஸ், லொக்கேஷன் என்று மூன்று வருடமாகப் படிக்கிற எல்லாம் இந்த உள்ளங்கை அகல ஜிக்கில் வந்துவிடுகிறது. மெக்கானிக்கல் தோழர்கள் ஜிக்கைக் கடையட்டும். எலக்ட்ரிக்கல் தோழர்கள் ஒரு மரப்பெட்டியில் டியூப் லைட் மாட்டி எக்ஸ்போஸிங் பெட்டி செய்யட்டும். கம்ப்யூட்டர் தோழியர் டிசைன் போடட்டும். இதைவிட நல்ல கூட்டு பிராஜக்ட் எது?

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

மார்ச் மாதம் வந்தால் ஒவ்வொரு பேட்ச்சும் தனித்தனியாகக் கடைக்கு ஓடுகிறது. அவசரத்துக்குக் கேட்ட காசைக் கொடுக்கிறது. பாதிப் பேர் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுக்கிறார்கள். அடுத்த வருட ஜூனியர் நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் தகடு படிக்கவில்லை, அல்லது எந்த பிராஜக்ட் என்றே தெரியவில்லை. மூன்று வருட உழைப்பின் கடைசிச் சாட்சி அது! வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய பீஸின் பலன் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

ஆகவே மாணவர் சங்கம் டிரே உள்ள பிரிண்டர் ஒன்றையும் ஸ்கிரீன் பிரேம் இரண்டையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனி ஒருவன் வாங்கினால் கட்டாது. இங்க்ஜெட் பிரிண்டர் சும்மா கிடந்தால் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துவிடும். வாரம் ஒருமுறையாவது ஓட வேண்டும். எல்லாத் துறையும் பயன்படுத்தினால் அது தானாக ஓடும். அடக்க விலைக்கு அடித்துக் கொடுக்கட்டும். ஒரு நோட்டில் எந்தத் தகடு, யார், எத்தனை என்று எழுதி வைக்கட்டும். மீதி நாட்களில் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கும் கூத்துக் குழுக்களுக்கும் அடித்துக் கொடுத்தால் பிரிண்டர் வாங்கிய காசு மெல்லத் திரும்பும். ஊர்க்காரர்களும் "பாலிடெக்னிக் பசங்க உருப்படியா ஒண்ணு செய்றானுங்க" என்பார்கள்.

இன்னொன்றும் செய்யலாம். பழைய தகடுகளைக் கொண்டுவரச் சொல்லி, நல்ல நிலையில் இருக்கும்போதே ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, தகட்டின் முகத்தில் பெயரும் தேதியும் எழுதித் திருப்பிக் கொடுக்கலாம். கூத்தில் கர்ணனாக ஆடிய பெரியவர் இன்று இல்லாமல் இருக்கலாம். அவர் குரல் பெயரில்லாத ஒரு தகட்டுக்குள் சுருண்டு கிடக்கிறது. அது எந்தத் தகடு என்று தெரியாததால் ஒருநாள் பழைய இரும்புக் கடைக்காரரிடம் போய்விடும். லேபிள் இல்லாத பொருளுக்கு வீட்டில் மரியாதை இல்லை, தோழர்களே!

டிப்ளமோ படித்தவன் கையில் கருவி இருந்தால் பத்தாது; எந்த வேலைக்கு எந்தக் கருவி என்ற கணக்கும் இருக்க வேண்டும். பத்துக்கு மார்க்கர், நூறுக்குள் இங்க்ஜெட், நூறுக்கு மேல் ஸ்கிரீன், எப்போதும் ஸ்டிக்கர் வேண்டாம். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கோரிக்கை வரும்போது கை தூக்குங்கள். எதிர்க்கிறவர்கள் கணக்கோடு வாருங்கள், பேசுவோம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை